கம்பளி தொங்கினால் நிற்பார்

அந்தப் பஸ்காரரைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் பஸ்ஸை நிறுத்தினதைத்தான் சொல்ல வேண்டும். ஓட்டினதில் என்ன இருக்கிறது. அந்தக் காலத்தில் ஹட்டன் ரோட்டில் வண்டி ஓட்டினவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் ஓட்டினார்கள். நன்றாக ஓட்டாதவன் பள்ளத்தில் கிடந்தான். நிறுத்தத் தெரிந்தவர், நான் பார்த்ததில், இவர் ஒருத்தர்தான்.

பெயர் எழுத மாட்டேன். மறந்துபோய் இல்லை. எங்கள் கடைவீதியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் மட்டும் இத்தனை காலம் கழித்து எதற்குக் கூப்பிட வேண்டும். ஊருக்கு அவர் பஸ்காரர். எனக்கு அண்ணே.

நோர்வூட்டுக்கு மேலே, பொகவந்தலாவை போகிற ரோட்டில் எங்கள் தேத்தண்ணிக் கடை இருந்தது. கடை எங்கள் வீட்டுக்காரருடையது என்று ஊர் சொல்லும். அடுப்பு என்னுடையது. அந்த அடுப்பில் போட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு ஒருத்தரும் குறை சொன்னது கிடையாது, சொல்ல நான் விட்டதும் கிடையாது. கடைக்கு எதிரே பஸ் கொட்டகை. தகரக் கூரை, மண் தரை, முன்னால் ஒரு பெரிய கறுப்பு எண்ணெய்த் திட்டு. இரண்டு பஸ் அங்கே ராத்தங்கும். காலையில் புறப்பட்டு ஹட்டனுக்கு ரயில் பிடிக்கிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும், மத்தியானம் தாண்டித் திரும்பி வரும். கொட்டகை இருந்ததால்தான் கடை இருந்தது. டிரைவர், கண்டக்டர், காவல்காரர், பஸ்ஸுக்கு முந்தி வந்து குளிரில் நிற்கிற ஆட்கள், இவர்கள் இல்லாவிட்டால் அந்த மலையில் என் தேத்தண்ணியை யார் குடிப்பது.

விடிகிறதுக்கு முந்தி நான் அடுப்பில் ஏற்றுகிற முதல் பானை தேத்தண்ணிக்கு இல்லை, பஸ்ஸுக்கு. எங்கள் பக்கத்துப் பனியில் எஞ்சின் விறைத்துப்போய்க் கிடக்கும். முன்னால் நின்று ஹேண்டிலை எத்தனை சுற்றினாலும் இருமிவிட்டு அடங்கிவிடும். சுடுதண்ணி ஊற்றினால்தான் அதற்கு உயிர் வரும். ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்துக்குக் கம்பியில் பிடி போட்டு வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு கடையின் பின்வாசலில் வந்து நிற்பார். கூப்பிட மாட்டார். நானாகத் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் நிற்பார்.

"வந்தா ஒரு குரல் குடுக்கக் கூடாதாண்ணே?" என்பேன்.

"நீதான் பார்ப்பேல்ல தங்கச்சி."

"பார்க்கலேன்னா?"

"தண்ணி கொதிச்சா பார்த்துத்தானே ஆகணும்."

தகரத்தைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைக்கிற மாதிரி. சூடு ஏறிவிட்டது என்று கை சொன்ன பிறகுதான் ஹேண்டிலைத் தொடுவார். மற்ற பஸ்ஸின் டிரைவர் ஒரு சிடுமூஞ்சி. அவன் ஹேண்டிலோடு சண்டை பிடித்துச் சிங்களத்திலும் தமிழிலும் மாறிமாறித் திட்டிக்கொண்டிருப்பான். இவர் அவனுக்காகவும் நிற்பார், அவன் வண்டியும் கிளம்பட்டும் என்று.

தேத்தண்ணியும் நின்றுகொண்டேதான் குடிப்பார். பெஞ்சு காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஏன் பஸ்காரரே, எங்க பெஞ்சுல முள்ளா இருக்கு?"

"நாள் பூரா உக்காந்துதானே பொழைக்கிறேன் மொதலாளி. சாப்பிடற நேரமாவது நிக்க விடுங்க."

கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

தோட்டத்தில் பிறந்தவர். துரையின் கார் கழுவி, கழுவி, ஓட்டப் பழகினவர். ஒரு அக்கா இருந்தாள், கந்தப்பளைப் பக்கம் கட்டிக்கொடுத்தது. கல்யாணம் கட்டாத மனுஷர். இதற்குமேல் அவர் கதை எனக்குத் தெரியாது. அவரும் சொன்னதில்லை, நானும் துருவினதில்லை. கேட்டுக் கதை பிடுங்குகிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது.

கம்பளி விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடைவீதியை விட்டு நோர்வூட்டுக்கு இறங்குகிற ரோடு மலையை ஒட்டி வளைந்து வளைந்து போகும். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்கள் ரோட்டில் இல்லை, மேலே இருக்கின்றன. தேயிலைக்கு நடுவே படி வெட்டின பாதையில் இறங்கி வர வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பொம்பளை இறங்குகிறதுக்குள் எந்தப் பஸ்ஸும் போய்விடும். அதற்காக அந்த ஜனங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். லயத்து வாசலில் நிற்கிற முள்முருங்கை மரத்தில் கம்பளியைத் தொங்கவிடுவார்கள். மழைக்குக் கொழுந்து எடுக்கிறவர்கள் தலையில் போட்டுக்கொள்கிற அந்தக் கறுப்புக் கம்பளிதான். பச்சையில் கறுப்பு நன்றாகத் தெரியும். எதிர்மலை வளைவில் பஸ் வரும்போதே அவர் கண்ணில் பட்டுவிடும். மேலே இருக்கிறவர்களுக்கும் பஸ்ஸின் சத்தம் கேட்டுவிடும், இறங்க ஆரம்பிப்பார்கள். பாதை ரோட்டில் வந்து சேருகிற இடத்தில் அவர் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒரு தரம் நான் அந்தப் பஸ்ஸில் போகிறேன். முன் சீட்டில் ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, வெள்ளைக் கோட்டும் பச்சைக் கரை சால்வையுமாக. பஸ் நின்றது. கம்பளி தொங்குகிறது, ஆளைக் காணோம்.

"என்னப்பா, யாருக்கு நிக்கிறே?"

"கம்பளி தொங்குதுங்க."

"யாரு கம்பளி?"

"அது தெரியாதுங்க."

"தெரியாத ஆளுக்கா இத்தனை பேரை நிப்பாட்டி வச்சிருக்கே? எனக்கு ரயிலு இருக்கு."

"ரயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துடுறேங்க. கம்பளியில பேரு எழுதியிருக்காதுங்க."

கணக்கப்பிள்ளைக்கு முகம் சிவந்துவிட்டது. கண்டக்டர் சிங்களவன், பார்க்கப் பையன்போல இருப்பான், ஆனால் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். அவன் வெளியே தொங்கிக்கொண்டு, சீக்கிரம் வரச்சொல்லி மலையைப் பார்த்துக் கத்தினான், "என்ட என்ட! இக்மனட்ட!" மேலேயிருந்து ஒரு மனுஷன் கோழியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சறுக்கி இறங்கினான். ரயில் கிடைத்தது. கணக்கப்பிள்ளை அதற்குப் பிறகு முன் சீட்டில் உட்காரவில்லை என்று கேள்வி.

இன்னொரு தரம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கோணும். மேட்டு லயத்துக்காரி ஒருத்தி, நல்ல வாயாடி, நனைந்த கம்பளியை அந்த மரத்திலேயே காயப் போட்டுவிட்டாள். பஸ் வந்து நின்றது. நின்றது, நின்றது. கண்டக்டர் கூப்பிட்டான். ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் இவர் இறங்கி, படியேறி, லயத்து வாசலுக்கே போய்விட்டார். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறாள்.

"வரலியா?" என்றாராம்.

"எங்க?"

"கம்பளி தொங்குதே."

"ஐயையோ, காயப் போட்டேன் சாமி."

இவர் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, காயட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டார். அன்றிலிருந்து அந்த லயத்தில் யாரும் அந்த மரத்தில் ஒரு கோவணத்தைக்கூடக் காயப் போட்டதில்லை. இந்தக் கதையை அந்த மேட்டு லயத்துக்காரியே என் கடையில் உட்கார்ந்து சொல்லித் தன்னையே திட்டிக்கொண்டாள்.

எனக்காகவும் நின்றிருக்கிறார். நான் பஸ்ஸுக்கு ஓடுகிறவள் இல்லை. சேலைக் கொசுவம் கலைய ரோட்டில் ஓடுகிறதை விட வீட்டில் இருக்கலாம். என் நடையில்தான் நடந்து போவேன். "தங்கச்சி ஓடி நான் பார்த்ததில்ல" என்பார். "ஓட வச்சா நீங்க என்ன டிரைவர்" என்பேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

பிறகு தேயிலை விலை விழுந்தது. சீமையில் யாரும் தேத்தண்ணி குடிக்கவில்லையா, என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது தோட்டத்தில் வேலைக்குப் பேர் குறைத்தது. வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. சில லயங்களில் வீடு வீடாகப் பூட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனார்கள். இருந்தவர்கள் பஸ்ஸேறுகிறதைக் குறைத்தார்கள். பஸ் முதலாளி ஹட்டனில் இருந்தார். அவர் கொட்டகையைக் குறைத்தார்.

முதலில் இரண்டாவது பஸ் போனது. சிடுமூஞ்சி டிரைவர் அதை ஹட்டனுக்கு ஓட்டிக்கொண்டு போனான், திரும்பி வரவில்லை. பிறகு காவல்காரருக்கு வேலை இல்லை என்றார்கள். பஸ்காரர் கொட்டகையிலேயே பஸ்ஸுக்குள் படுத்துக்கொண்டார். பிறகு கண்டக்டர். அவன் என் கடை வாசலில் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மம யனவா அக்கே" என்றான், போயிட்டு வர்றேன் அக்கா என்று. நான் ரொட்டி சுற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இவரே ஓட்டி, இவரே இறங்கி, இவரே டிக்கெட் காசு வாங்க வேண்டியிருந்தது. அதனால் பஸ் இன்னும் பிந்தியது.

அப்புறம் ஒருநாள் முதலாளியே வந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். வெற்றிலை போட்டுப் போட்டு வாய் சிவந்த மனுஷர், களைத்துப் போயிருந்தார். எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். இவர் முன்னால் நின்றார். கூட, முதலாளியின் மச்சினர் என்று ஒரு ஆள், வயது கம்மி, கோட்டுப் பையில் சங்கிலி போட்ட கடிகாரம்.

"எறக்கத்துல எஞ்சின அணைச்சுட்டு எறங்கு. பெட்ரோலு மிஞ்சும்" என்றார் முதலாளி.

"பிரேக் மட்டும் புடிச்சா தேயுங்களே மொதலாளி."

"பார்த்து எறக்கு. எத்தனை வருஷமா ஓட்டுறே. அப்புறம், இந்தக் கம்பளி வேலையெல்லாம் வேணாம். ரோட்டுல நிக்கிறவன ஏத்து. மலையில இருக்கிறவனுக்கு நிக்காதே."

முதலாளி எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கொட்டகைய மூடத்தான் போறேன். மறைக்கல. நோர்வூட்டோட பஸ்ஸ திருப்பிக்கிறேன். ஒரு டிரைவருக்கு ஹட்டன்ல எடம் இருக்கு. நேரத்துக்குப் பஸ்ஸ கொண்டுவா. உன்னையே எடுத்துக்கிறேன். மச்சினர் பக்கத்துல உக்காந்து நேரம் பார்ப்பாரு."

"சரிங்க."

அவர்கள் போன பிறகு எங்கள் வீட்டுக்காரர் சொன்னார், "பஸ்காரரே, கடை போனா நான் வேற கடை போட்டுக்குவேன். நீங்க ஸ்டியரிங்க விட்டா என்ன செய்வீங்க? மம்பட்டி பிடிக்கப் போவீங்களா? சொன்னபடி செஞ்சுடுங்க."

"செய்யணும்" என்றார். தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அதுவரை அவர் கோப்பையை அவர் கழுவினதில்லை.

மறுநாளிலிருந்து பஸ் நேரத்துக்குப் போனது.

மச்சினர் ராத்திரி கணக்கப்பிள்ளை ஒருத்தர் வீட்டில் தங்கி, காலையில் கடிகாரத்தோடு வந்து முன் சீட்டில் ஏறிக்கொள்வார். மரியாதையான ஆள்தான். தேத்தண்ணிக்குச் சீனி அதிகமாகக் கேட்பார். எங்கள் கடை வாசலிலேயே பேச்சுத் தொடங்கும். "அண்ணே, அந்தப் பாலத்து வளைவுல எந்த கியர்?" "மழையில எந்தப் பக்கம் ஒதுங்கணும்?" இவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார். ஸ்டியரிங் பற்றி யார் கேட்டாலும் அவருக்குச் சொல்லப் பிடிக்கும்.

பஸ் இப்போது சத்தம் இல்லாமல் இறங்கியது. எங்கள் கடை தாண்டினதும் எஞ்சினை அணைத்துவிடுவார். பனிக்குள் அது பாட்டுக்குப் போகும். அவ்வளவு பெரிய வண்டி, பலகை கிறீச்சிடுகிற சத்தமும் படுதா அடித்துக்கொள்கிற சத்தமும் மட்டும். மேலே லயத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. கம்பளியைத் தொங்கவிட்டுவிட்டுச் சத்தம் வரட்டும் என்று இருப்பார்கள். அதற்குள் பஸ் நோர்வூட்டைத் தாண்டியிருக்கும்.

ஹார்ன் அடித்துப் பார்த்தார். ரப்பர் குமிழை அமுக்கி அமுக்கி வளைவுக்கு வளைவு அடித்துக்கொண்டே போனார். தோட்டத்து பங்களாவிலிருந்து துரைசாணி தூக்கம் கெடுகிறது என்று ஆள் அனுப்பினாள். அதுவும் நின்றது.

மேட்டு லயத்துக்காரி ஒரு நாள் சாயங்காலம் கடைக்கு வந்தாள். அவள் புருஷன் மலைச்சரிவில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டு கீழே ஆஸ்பத்திரியில் கிடந்தான். அங்கே போடுகிற கஞ்சி அவனுக்கு இறங்கவில்லை. வேலை இல்லாத நாளெல்லாம் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோவாள். பஸ் கிடைத்தால்தான் சோறு சூடாகப் போய்ச்சேரும், அவளும் இருட்டுவதற்குள் திரும்பலாம்.

இவர் வழக்கம்போலச் சுவரில் சாய்ந்து நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்கிற மாதிரி பேசினாள்.

"பனியில கம்பளி தெரியலபோல சாமி. கறுப்புதானே. எங்க தப்புத்தான்."

அவர் கோப்பையையே பார்த்தார்.

"நாளைக்கு கீழ்ப்படி மரத்துல கட்டுறேன். ரோட்டுக்குக் கிட்ட. பளிச்சுன்னு தெரியும்."

"ம்" என்றார்.

மறுநாள் கீழ் மரத்தில் கம்பளி தொங்கியது. பஸ் நிற்கவில்லை. அதற்கு அடுத்த தடவை கம்பளியோடு அவள் புருஷனுடைய வெள்ளை வேட்டியையும் சேர்த்துக் கட்டியிருந்தாள். ரோட்டுக்கு இன்னும் கிட்ட வந்திருந்தது. பஸ் நிற்கவில்லை. பக்கத்து லயங்களிலும் அதேபோலச் செய்தார்கள். வேட்டி, சேலை, ஒருத்தன் கல்யாணத்துச் சிவப்புத் தலைப்பாகை. அந்த ரோடு முழுக்க மரத்தில் துணி தொங்கியது, ஏதோ திருவிழாவுக்குத் தோரணம் கட்டின மாதிரி. அதற்கு நடுவே சத்தமில்லாமல் பஸ் இறங்கிப் போகும். அவர் வேண்டுமென்று போகிறார் என்று அந்த ஜனங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கண் மங்கிவிட்டது என்று நினைத்தார்கள். எலுமிச்சம்பழம் சுற்றிப்போட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள்.

அவர் சாப்பாடு குறைந்தது. ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருப்பார். "உடம்புக்கு என்னண்ணே?" என்றால், "ஒண்ணுமில்ல தங்கச்சி, உப்புச் சரியாத்தான் இருக்கு" என்பார். நான் உப்பைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசியில் அந்த ஜனங்களே வழி கண்டுபிடித்தார்கள். துணி தொங்கவிடுகிறதை விட்டுவிட்டு, இருட்டோடு எழுந்து ரோட்டுக்கு இறங்கி வந்து நிற்கத் தொடங்கினார்கள். ரோட்டில் நிற்கிறவனை ஏற்றலாம் என்பதுதானே சட்டம். பஸ் நேரத்துக்கு வரும், நிற்கும், ஏற்றும், போகும். மச்சினருக்கும் குறை இல்லை. ஆனால் இறங்கி வருகிற சத்தமே கேட்காத பஸ்ஸுக்கு எவ்வளவு முந்தி வந்து நிற்க வேண்டும்? கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தூக்குச்சட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, மழையில் அப்படியே நிற்பார்கள்.

ஒரு விடியலில் தண்ணிக்கு வந்து நின்றபோது அவராகவே சொன்னார்.

"முந்தி நான் அவங்களுக்கு நின்னேன். இப்ப அவங்க எனக்கு நிக்கிறாங்க தங்கச்சி."

"பஸ்ஸு கிடைக்குதுல்ல அவங்களுக்கு."

"கிடைக்குது."

தகரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பனிக்குள் அந்தத் தகரத்திலிருந்து ஆவி போகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அப்போது அழுகையோ கோபமோ வரவில்லை. இப்போதும் வரவில்லை. கை விறைத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி.

கொட்டகை மூடுகிற நாள் என்று யாரும் மேளம் அடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் பஸ் போனது, அன்றைக்குத் திரும்பி வரவில்லை. பொழுது சாய்ந்த பிறகு இவர் மட்டும் ஒரு கொழுந்து லொறியில் வந்து இறங்கினார். கையில் அந்தத் தகரம் மட்டும் இருந்தது.

"பஸ்ஸு?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஹட்டன்ல."

"நீங்க எப்ப போறீங்க?"

"நான் போகல மொதலாளி. மச்சினரே ஓட்டப்போறாராம். குடும்பத்து ஆளாச்சே. நேரம் பார்க்க வந்தவரு ரோடு பழகிட்டாரு."

"நேரத்துக்குக் கொண்டுவந்தா உங்களையே எடுத்துக்கிறேன்னு எங்க பெஞ்சுல உக்காந்துதானே சொன்னாரு?"

"சொன்னாரு. வாசல் வரைக்கும் வந்து அனுப்பிச்சாரு. 'நேரத்துல ஒரு குறையும் இல்லப்பா'ன்னாரு."

இவர் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பஸ் இல்லாத கொட்டகையில், மண் தரையில்.

மறுநாள் விடிகிறதுக்கு முந்தி நான் எழுந்தேன். அடுப்பை மூட்டினேன். முதல் பானையை ஏற்றினேன். கொதித்த பிறகு திரும்பினால், பின்வாசலில் தகரத்தோடு அவர் நிற்கிறார். நான் வாங்கி ஊற்றினேன், பிடித் துணியைச் சுற்றிக் கொடுத்தேன். அவரும் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து பாதி தூரம் போய்விட்டார். அப்புறம்தான் நின்றார். எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

ரோட்டு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். தகரத்தைக் கடை வாசலில் வைத்து, அந்தத் தண்ணியில் முகம் கழுவினார், கை கழுவினார், காலில் ஊற்றிக்கொண்டார். எத்தனையோ நாள் தூக்கிப் போன சுடுதண்ணி அன்றைக்குத்தான் அவர் உடம்பில் பட்டது. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் தேத்தண்ணி வைத்தேன். உட்கார்ந்தே குடித்தார்.

பாதிக் கோப்பையில் தலையை நிமிர்த்தினார்.

"அவங்களுக்கு யாரு சொன்னது?"

"யாருக்குண்ணே?"

"ரோட்டுல ஆளு நிக்குமே."

கோப்பையை வைத்தார். இறக்கத்தில் நடக்கத் தொடங்கினார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. மன்னார்ப் பக்கம் லொறி ஓட்டுகிறார் என்று ஒருத்தர் சொன்னார். நானுஓயா ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறார் என்று இன்னொருத்தர் சொன்னார். நான் இரண்டையும் நம்பவில்லை, மறுக்கவும் இல்லை. தகரம் எங்கள் கடை வாசலிலேயே கிடந்தது.

அன்றைக்கு ரோட்டில் நடந்தது மேட்டு லயத்துக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நாங்கள் கடையைக் காலி பண்ணிப் பெஞ்சுகளை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த நாளில் வந்தாள். அவள் புருஷன் அதற்குள் கம்பூன்றி நடக்கத் தொடங்கியிருந்தான். ஏற்றின பெஞ்சை நான் இறக்கச் சொல்லி அவளை உட்கார வைத்தேன்.

வழக்கம்போல அவள் இருட்டிலேயே வந்து ரோட்டில் நின்றிருக்கிறாள். மேலேயிருந்து ஆள் வருகிறது தெரிந்தது, பஸ் இல்லை. பார்த்தால் பஸ்காரர்.

"பஸ்ஸு வராதும்மா" என்றாராம். "இனிமே நோர்வூட்டோட சரி. நிக்காதீங்க."

"நீங்க வந்துட்டீங்களே சாமி."

"நான் நடந்து வந்தேன்."

அவளுக்கு விளங்கவில்லை. பஸ் இல்லாமல் பஸ்காரர் எப்படி வருவார் என்று முழித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவர் அவள் கையிலிருந்து தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டார். "வாங்க, நோர்வூட்டுல புடிக்கலாம்" என்று முன்னால் நடந்தார். வளைவுக்கு வளைவு ஆள் நின்றது. ஒவ்வொரு வளைவிலும் நின்று அதையே சொன்னார். சிலர் திரும்பி மலையேறினார்கள். போயே ஆக வேண்டியவர்கள் கூட நடந்தார்கள்.

நோர்வூட் கடைவீதி தெரிகிற கடைசி வளைவுக்கு வந்தபோது கீழே பஸ் நின்றுகொண்டிருந்தது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சினர் ஸ்டியரிங்கில். இன்னும் கொஞ்சம் இறங்கினால் போதும். இவள் தலையிலிருந்த கம்பளியை உருவி இரண்டு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாளாம். மற்றவர்களும் பிடித்தார்கள்.

"அவரு பார்த்தாரா?" என்று கேட்டேன்.

"பார்த்தாரு. நல்லா நிமிர்ந்து பார்த்தாரு. அப்புறம் கடிகாரத்தப் பார்த்தாரு. எடுத்துட்டாரு."

"அண்ணே என்ன சொன்னாரு? திட்டினாரா?"

"இல்லீங்க. பஸ்ஸு மேட்டுல ஏறி மறையற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னாரு. 'பாலத்துல கியர சரியா மாத்திட்டான்'னாரு. அப்புறம் தூக்குச்சட்டிய மத்தக் கைக்கு மாத்திக்கிட்டு, 'நடங்க'ன்னாரு."